பின்படி எல்லப்பன்

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் போய் "கண்டக்டர் எல்லப்பன் எங்கே?" என்று கேட்டால், எந்த எல்லப்பன் என்று திருப்பிக் கேட்பார்கள். அங்கே வந்துபோகிற கண்டக்டர்களில் மட்டும் நாலு எல்லப்பன்கள். "பின்படி எல்லப்பன்" என்று கேட்டுப் பாருங்கள். டீக்கடைக்காரர்கூட கையை நீட்டி, மாமல்லபுரம் வண்டி நிற்கும் இடத்தைக் காட்டிவிடுவார். கூடவே ஒரு சிரிப்பும் வரும். அந்தப் பட்டப்பெயர் யாரோ மெச்சி வைத்ததல்ல. அவரோடு டியூட்டி பார்த்த டிரைவர்கள் வயிறு எரிந்து வைத்தது.

ஆளைப் பார்த்தால் ஒன்றும் விசேஷமில்லை. ஒல்லியான உடம்பு. தோளில் தோல்பை தொங்கித் தொங்கி ஒரு பக்கமாகச் சரிந்துபோன நடை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் வண்டியில் இருபத்து நாலு வருஷம் டிக்கெட் கிழித்தவர். அதில் முதல் பாதியில் அவரும் எல்லாரையும் போலத்தான் விசில் ஊதினார்.

எல்லாரையும் போல என்றால் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். இது குழந்தைக்கும் தெரியும். ஆனால் காலை ஏழு ஐம்பது வண்டியில் கண்டக்டர் எங்கே இருக்கிறார் என்பது கடவுளுக்குத்தான் தெரியும். அறுபது பேருக்கான வண்டியில் நூற்றுப்பத்துப் பேர். நடுவில் எங்கோ யாருடைய டிபன் கேரியரோ விலாவில் குத்த, வாயில் விசிலும் விரலிடுக்கில் நோட்டுகளுமாக அவர் மாட்டிக்கொண்டிருப்பார். பின்பக்கப் படியில் யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்பது அவர் கண்ணுக்கு எட்டாது. அதற்கென்று படியில் தொங்குகிறவர்கள் இருந்தார்கள். கடைசி ஆள் இறங்கியதும் அவர்களில் ஒருவர் "ரைட்!" என்று குரல் கொடுப்பார். அதை நம்பிக் கண்டக்டர் இரண்டு விசில் ஊதுவார். விசிலை நம்பி டிரைவர் கியர் போடுவார். எந்தச் சட்டத்திலும் இல்லாத ஏற்பாடு. ஊர் பேர் தெரியாத ஒரு குரலை நம்பி நூற்றுப்பத்து உயிர் தினமும் போய் வந்துகொண்டிருந்தது.

பின்னால் போய்ப் பார்த்துவிட்டு ஊதினால் என்ன என்று கேட்பீர்கள். நேரம் கிடையாது. முப்பது கிலோமீட்டர், இருபத்தாறு ஸ்டாப், ரன்னிங் டைம் ஐம்பது நிமிஷம். இந்த ஐம்பதை எழுதி வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காலி வண்டியை, வீட்டில் குழம்பு கொதிக்கிற நினைப்பில் ஓட்டிப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வழியில் பள்ளிக்கூடம் வந்தது, கல்யாண மண்டபம் வந்தது, வேகத்தடை ஏழு வந்தது. டைம் கீப்பர் அறையில் ஒட்டியிருந்த தாள் மஞ்சளாகிக்கொண்டே போனதே தவிர, அதிலிருந்த நேரம் மாறவில்லை. எட்டு நிமிஷம் தாமதமானால் மெமோ. மெமோவைக்கூட வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். ஆனால் தாமதமாக வந்த வண்டி அப்படியே திரும்ப வேண்டும். டீ கிடையாது, ஒதுங்கக்கூட நேரம் கிடையாது. அடக்கிக்கொண்டு ஓட்டுகிற மனுஷனின் கால் எங்கே போகும்? ஆக்ஸிலேட்டருக்குத்தான் போகும்.

தொண்ணூற்று நாலு, ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஏழு ஐம்பது வண்டி. டிரைவர் தர்மராஜ், கருங்குழிக்காரர், ஒன்பது வருஷமாக ஒரு கோழியைக்கூட அடிக்காதவர். வல்லம் தாண்டும்போதே ஒன்பது நிமிஷம் தாமதம்.

அந்த வண்டியில் பூவாயி இருந்தாள். சொந்தக் கொல்லையில் விளைந்த கத்தரிக்காயைக் கூடையில் அடுக்கி, திருக்கழுக்குன்றம் மார்க்கெட்டுக்கு வாரம் மூன்று நாள் கொண்டுபோகிறவள். முப்பத்தைந்து வயது இருக்கும். கூடைக்காரர்களுக்குப் பின்படிதான். ஊருக்குள் நுழையும் முன் ரைஸ் மில் ஸ்டாப்பில் வண்டி நின்றது. நன்றாகவே நின்றது. பூவாயி ஒரு காலைத் தரையில் ஊன்றி, மறு கால் படியில் இருக்க, இரண்டு கையாலும் கூடையை இழுத்தாள். தொங்கியவர்களில் யாரோ, அவள் இறங்கிவிட்டாள் என்று நினைத்து, "ரைட்!" என்றார்கள். எல்லப்பன் அப்போது முன்னாலிருந்து நாலாவது சீட்டில், ஐம்பது ரூபாய் நோட்டுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே இரண்டு விசில் ஊதினார்.

சேலை படியில் மாட்டிக்கொண்டது. வண்டி பத்துப் பதினைந்து அடி அவளை இழுத்துக்கொண்டு போய் நின்றது. கத்தரிக்காய் ரோடெல்லாம் உருண்டது. வலது கணுக்கால் நொறுங்கிவிட்டது. அவளைத் தூக்கி சீட்டில் கிடத்தியபோது எல்லப்பனின் வாயில் விசில் அப்படியே இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அது மெல்லக் கீச்சிட்டதைப் பக்கத்திலிருந்தவர்கள்தான் கவனித்து எடுத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் டிப்போவுக்குப் பின்னால் வரதன் வந்து உட்கார்ந்தார். சீனியர் கண்டக்டர். கையெழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். யார் வண்டியில் எது நடந்தாலும் அறிக்கை எழுதித் தருவது அவர்தான். அதற்கு ஒரு டீயைத் தவிர எதுவும் வாங்கமாட்டார். கெட்ட மனுஷன் இல்லை, அதுதான் வேதனை.

"ஊதனேன்னு எழுதினா நீ காலி எல்லப்பா. ஊதாமயே எடுத்தான்னு எழுதினா இவன் காலி," என்று தர்மராஜைக் காட்டினார். "ரெண்டு பேருக்கும் புள்ளகுட்டி கீது. அந்தம்மா அவசரத்துல குதிச்சிடுச்சின்னு எழுதிடலாம். எல்லாரும் அப்டிதான எழுதறாங்க?"

தர்மராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'பேருந்து முழுமையாக நிற்பதற்கு முன் பயணி பதற்றத்தில் குதித்ததால் விபத்து நேர்ந்தது' என்று வரதன் எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சஸ்பெண்டான தர்மராஜ் நாற்பது நாளில் வேலைக்குத் திரும்பினார். எல்லப்பனுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று.

பூவாயிக்கு அந்த ஒரு வரியோடு போகவில்லை. அவள் போட்ட கேஸ் அதிலேயே விழுந்தது. அதைவிட, ஊரில் அவளுக்குப் பெயர் வந்துவிட்டது. குதிச்ச பூவாயி. பால் பொங்கி வழிந்தால் புருஷன் சொல்வான், "உனக்கு எல்லாத்துலயும் அவசரம். அதான் குதிச்ச." படித்தவர்கள் எழுதிய காகிதத்தில் இருக்கிறதே, பிறகு அவள் சொல்லையா நம்புவார்கள்?

ஒரு வருஷம் கழித்து அவள் மறுபடி வண்டியில் ஏறினாள். சின்னக் கூடை, ஒரு கைத்தடி. பின்படிப் பக்கம் போகவில்லை, முன்படியில் ஏறி டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். எல்லப்பன் டிக்கெட்டை நீட்டினார். அவள் சில்லறையைக் கொடுத்துவிட்டு, பக்கத்து சீட்டுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள்.

"நா குதிக்கல கண்டக்டரே."

திட்டியிருந்தால் தேவலை. மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். ஆனால் அவள் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த முறையும் அதே சொல், அதற்கடுத்த முறையும் அதே. சில்லறையைக் கொடுப்பாள், அதைச் சொல்வாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். எல்லப்பன் அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிடுவார்.

வாயால் சொல்ல முடியாததைக் காலால் செய்ய ஆரம்பித்தார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பின்னால் போவார். தன் கண்ணால் படியைப் பார்த்து, இறங்கியவர் இரண்டடி தள்ளிப் போன பிறகுதான் ஊதுவார். படியில் தொங்குகிறவர்கள் தொண்டை கிழிய "ரைட்" என்றாலும் அசையமாட்டார். ஐம்பது நிமிஷ ஓட்டம் அறுபத்தைந்து ஆகும், எழுபது ஆகும். டிரைவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"ஊதித் தொல மச்சான்! பின்படில இன்னா பொண்ணா பாக்கற?"

"பாக்காம ஊதமாட்டேன். நீ ஆரன வேணா அடிச்சிக்க."

இப்படித்தான் பின்படி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவரோடு டியூட்டி விழுந்தால் டிரைவர்கள் லீவு போட்டார்கள். பயணிகளில் பாதிப் பேர் சபித்தார்கள். பூஞ்சேரியில் இறங்கி வேலைக்குப் போகிறவர்கள் பின்னால் வந்த ஷேர் ஆட்டோவுக்கு மாறினார்கள். தினசரி வசவு போக, எழுத்தில் வந்தது மட்டும் பத்து வருஷத்தில் இருபத்து மூன்று மெமோ. ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுத வேண்டுமே என்றுதான் அவர் ஒரு நோட்டு வைத்துக்கொண்டார். எந்த ஸ்டாப்பில் எத்தனை பேர், எத்தனை விநாடி என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பார். பள்ளிக்கூடப் பிள்ளை இறங்க நாலு விநாடி. கூடைக்காரி இறங்க இருபத்திரண்டு. இடுப்பில் குழந்தை இருந்தால் பதினைந்து. மழை நாளில் எல்லாவற்றுக்கும் மேலே ஐந்து. நோட்டு ஏழு ஆயிற்று. யாரும் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து ஐந்தில் டிப்போவுக்கு சங்கரி என்று ஓர் அதிகாரி வந்தார். தென்பக்கத்துக்காரர், நாற்பது வயது, சத்தம் போட்டுப் பேசாதவர். அதற்குள் ரோட்டின் முகமே மாறியிருந்தது. கேளம்பாக்கத்துக்கும் சிறுசேரிக்கும் ஆள் ஏற்றுகிற வேன்கள், கல்லூரி பஸ்கள், ஷேர் ஆட்டோக்கள் எல்லாம் ஒரே ரோட்டில் முட்டிக்கொண்டு போயின. ஐம்பது நிமிஷம் மட்டும் ஐம்பதாகவே இருந்தது. சங்கரி பழைய விபத்துக் கோப்புகளை எல்லாம் வாங்கிப் படித்துவிட்டு, ஒரு மத்தியானம் எல்லாரையும் உட்கார வைத்தார்.

"நாப்பத்தோரு பேருக்கு அடிபட்டிருக்கு. அதுல முப்பத்தெட்டுப் பேர் பதற்றத்துல குதிச்சதா எழுதியிருக்கு. இந்தப் பக்கத்து ஜனங்க குதிக்கிறதுக்குன்னே பஸ் ஏறுறாங்களா?"

சிரிப்பு வந்தது. அவர் சிரிக்காததால் நின்றது. எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"உங்களைத் தண்டிக்கக் கேக்கல. குதிச்சாங்கன்னு எழுதிட்டா அதோட முடிஞ்சுது. படியைச் சரி பண்ணணுமா, விசிலைச் சரி பண்ணணுமா, நேரத்தைச் சரி பண்ணணுமா, எனக்கு எப்படித் தெரியும்? பொய்க் கணக்க வச்சிக்கிட்டு மேலிடத்துல நான் என்ன கேக்கறது?"

எல்லப்பன் மறுநாள் ஏழு நோட்டையும் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தார். சங்கரி அரைமணி நேரம் புரட்டினார். முகம் மலர்ந்துபோயிற்று. இதை வைத்தே நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்றார். பிறகு சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்.

"எதுக்காக இதை ஆரம்பிச்சீங்க எல்லப்பன்?"

"சும்மாதான் மேடம்," என்றார் எல்லப்பன்.

வெளியே வந்த பிறகு அந்தச் சும்மா அவரைத் தின்றது. நோட்டு போய்ச் சேர்ந்தது, நல்ல பெயரும் வந்தது. இதோடு நிறுத்திக்கொண்டால் ஒரு குறையும் இல்லை. இரண்டு வருஷத்தில் ரிட்டயர்மென்ட். இப்போது வாயைத் திறந்தால் பொய் அறிக்கை கொடுத்ததற்குக் குற்றச்சாட்டு வரும், ஓய்வூதியம் இழுபறியாகும். பூவாயியின் கேஸோ எப்போதோ செத்துப்போனது, இனி யாரும் அதைத் திறக்கப்போவதில்லை. எல்லா நியாயமும் சும்மா இரு என்றுதான் சொல்லிற்று. ஆனால் நாளைக்கும் அவள் ஏறுவாளே. முப்பத்தெட்டில் ஒன்று அவர் கையெழுத்து. சங்கரி மேடம் நேராகக் கேட்டும் மறைத்தால், இத்தனை வருஷம் பின்படியைப் பார்த்தது வெறும் வேஷம் என்று ஆகிவிடாதா?

ஞாயிற்றுக்கிழமை கருங்குழிக்குப் போனார். தர்மராஜ் ரிட்டயராகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுக்கப்போவதாக எல்லப்பன் அவரிடம் சொன்னார்.

"உன் விசில கேட்டுதான் நான் எடுத்தேன்," என்றார் தர்மராஜ். "அன்னைக்கே அத நான் சொல்லியிருக்கணும். கண்ணாடிய நானும் பாக்கல. எழுது மச்சான். என் பேரயும் சேத்தே எழுது."

வீட்டில் மனைவி அம்சா கத்தித் தீர்த்தாள். "ரெண்டு வருசம் பல்ல கடிச்சிகினு இருந்தா முடிஞ்சிது. இன்னாத்துக்கு இந்த வேல உனுக்கு?" பிறகு அடுப்பங்கரைக்குப் போனாள். கொஞ்ச நேரம் பாத்திரங்கள் மட்டும் பேசின. திரும்பி வந்து ஒரு தாளையும் பேனாவையும் அவர் முன்னால் போட்டாள். "எழுதறதுன்னா நீயே எழுது. இன்னொருத்தன் கையெழுத்துல வேணாம்."

எல்லப்பனின் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். அதிலேயே எழுதினார். சங்கரி படித்துவிட்டு எழுந்து நின்றார். "இதை நான் மறைக்க முடியாது," என்றார். "மறைக்கறதுக்குக் குடுக்கல மேடம்," என்றார் எல்லப்பன்.

குற்றச்சாட்டு மெமோ முறைப்படி வந்தது. சம்பள உயர்வு நின்றது. டிப்போவில் சில பேர் முகம் கொடுத்துப் பேசவில்லை, எங்களையும் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று. ஆனால் ஒருவர் பின் ஒருவராக ஆறு பேர் சங்கரியின் அறைக்குப் போய்த் தங்கள் வண்டியில் நடந்ததைச் சொன்னார்கள். ஆறிலும் வண்டி தாமதம், ஆறிலும் யாரும் பார்க்காமல் ஊதிய விசில். அந்த ஆறும் எல்லப்பனின் ஏழு நோட்டும் மேலிடத்துக்குப் போயின. நாலு மாதம் கழித்து டைம் கீப்பர் அறையில் புதுத் தாள் ஒட்டினார்கள். அறுபத்தெட்டு நிமிஷம். அதன் கீழே, பின்படியைக் கண்ணால் பார்க்காமல் விசில் ஊதக் கூடாது என்று ஒரு வரி. எல்லாரும் அதன்படி நடந்தார்கள் என்று நான் புளுகமாட்டேன். பாதிப் பேர் நடந்தார்கள். ஆனால் டீ குடிக்க நேரம் கிடைத்த டிரைவர்கள் வண்டியை முழுசாக நிறுத்தினார்கள்.

தாள் ஒட்டிய மறுநாள் ஏழு ஐம்பது வண்டி. பூவாயி முன்படியில் ஏறி உட்கார்ந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. சில்லறையை நீட்டினாள்.

"நா குதிக்கல கண்டக்டரே."

"ஆமாம்மா. நீ குதிக்கல. நாந்தான் பாக்காம ஊதனேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பாமல் அவர் முகத்தையே பார்த்தாள். எல்லப்பன் பைக்குள்ளிருந்து நகலை எடுத்தார். "எழுதிக் குடுத்துட்டேன். ஆபீசுல கீது."

"எனுக்குப் படிக்கத் தெரியாது. நீ படி."

படித்தார். 'வண்டி நின்றிருந்தது. பயணி பூவாயி குதிக்கவில்லை. ஒரு கால் படியில் இருக்கும்போதே, பின்படியைப் பார்க்காமல் நான் விசில் கொடுத்தேன். குதித்ததாக எழுதியது பொய்.'

"சத்தமா படி," என்றாள். "எங்கூரு ஆளுங்க பின்னாடி நின்னுகினு கீறாங்க."

மறுபடி படித்தார். வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தார். டிபன் கேரியர்காரர்கள், கல்லூரிப் பெண்கள், படியில் தொங்குகிறவர்கள் எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். பூவாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ரைஸ் மில் ஸ்டாப் வந்தது. வண்டி முழுசாக நின்றது. பூவாயி எழுந்தாள். பக்கத்திலேயே முன்படி இருந்தது. அவள் அந்தப் பக்கம் போகாமல், கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் நடந்தாள். கூட்டம் தானாக வழிவிட்டது. எல்லப்பன் கூடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். அவள் பின்படியில் ஒரு காலை வைத்தாள், கொஞ்சம் நின்றாள், தரையில் ஊன்றினாள். பிறகு மறு காலையும் எடுத்து வைத்தாள். அவர் கூடையை இறக்கிக் கொடுத்தார்.

தொங்கியவர்களில் யாரோ பழக்க தோஷத்தில் "ரைட்!" என்றார்கள். எல்லப்பன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

பூவாயி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, வண்டியை விட்டு மூன்றடி தள்ளிப் போய்த் திரும்பினாள்.

"எறங்கிட்டேன்," என்றாள். "இப்ப ஊது."

எல்லப்பன் ஊதினார். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி ஊதினார். அப்போதுதான் விசில் வந்தது, இரண்டும்.